நாலுக்குப் பிறகு ஆறு

ஜூன் 3, திங்கள்

இன்று ஒரு வாக்கியத்தைக் கேட்க பிளே பொத்தானை அழுத்தினேன். பதினொரு நொடி கழித்து, பாடங்களை வாசித்துத் தரும் டீச்சரின் குரல் வந்தது. "பேரரசர்" என்றார், நின்றார், நாலு நொடி மௌனம், "இறந்தபின்" என்றார். டீச்சர் அப்படி வாசிக்கவில்லை. பெட்டி அப்படித் தருகிறது.

ஏப்ரல் வரை என் பாடங்களெல்லாம் என் மேஜைக்கடியில் இருந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தன. இப்போது முதல் மாடித் தாழ்வாரத்தின் கடைசி அறையில், இரவும் பகலும் குளிரூட்டி ஓடும் அந்த அறையில், ஒரு கறுப்புப் பெட்டியில் இருக்கின்றன. எல்லோர் வேலையும் அதற்குள்தான். நாங்கள் கேபிள் வழியாக அதைத் தட்டிக் கேட்டு வாங்கி வேலை செய்ய வேண்டும். பாதுகாப்பாம். சர்வர் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை, பெட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கான வரலாற்றுப் பாடம், மொத்தம் நூற்று நாற்பது. நாற்பத்தெட்டு முடிந்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசிக்குள் முடியாவிட்டால் மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு ஒலித் தொகுப்புப் பிரிவையே மூடிவிடுவேன் என்கிறார் மேலாளர். பழைய டிஸ்கில் ஒரு நாளைக்கு இரண்டு பாடம் முடிப்பேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒன்று.

பெட்டியை வாங்கி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை. என் வீட்டுக்காரர்தான்.

என் மேஜை பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் ஒரு மணிநேரம் வந்து உட்கார்ந்து பார்த்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

ஒரு தடவை சேவ் செய்ய பதினான்கு நொடி. இன்று நாற்பத்திரண்டு தடவை சேவ் செய்திருக்கிறேன். எண்ணியதே ஒரு வியாதிதான்.

ஜூன் 7, வெள்ளி

பாத்திரம் தேய்க்கும்போது சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை, தினமும் அளந்து பார்க்கிறேன் என்றார். நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்று கேட்டேன். வேகத்தை, என்றார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"உனக்குப் பழைய டிஸ்க் மேல ஒரு பாசம். அதான்."

பாசமா! உடைந்த நாற்காலியைக்கூட ஒட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் மனுஷன் எனக்குச் சொல்கிறார்.

மகள் ஹாலிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வர மாட்டீங்களா ரெண்டு பேரும்? எனக்கு நாளைக்கு டெஸ்ட்." கல்லூரி இரண்டாம் வருடம். இரண்டு பேரும் அடங்கினோம். அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

ஜூன் 11, செவ்வாய்

கூட்டம். நான் எழுதிக் கொடுத்த புகாரை மேலாளர் வாசித்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, மடிக்கணினியை பெட்டியோடு இணைத்து, ஒரு முழுநீளப் படத்தின் கோப்பை எல்லோர் எதிரிலும் இழுத்துப் போட்டார். தொண்ணூறு நொடி. திரையில் பச்சைக் கோடு சர்ரென்று ஓடி முடிந்தது. "ராக்கெட் மாதிரி போகுதே" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

பதில் பஸ்ஸில் வரும்போது தோன்றியது, எப்போதும்போல.

அவர் போட்டது ஒரே ஒரு பெரிய கோப்பு. என் பாடம் ஒன்று என்பது ஒரு கோப்பு இல்லை. டீச்சர் வாசித்த ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனித் துண்டு, இரண்டாம் தடவை வாசித்தது தனி, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் அலைப்படம் தனி. ஒரு பாடத்துக்கு ஆயிரத்து இருநூறு குட்டிக் கோப்புகள். எதற்குப் பிறகு எது என்று அவற்றைக் கோத்து வைப்பது ப்ராஜெக்ட் கோப்பு. ஒரு பீரோவை நாலு பேர் தூக்கி ஒரே தடவையில் மாடி ஏற்றிவிடலாம். ஆயிரத்து இருநூறு கரண்டியை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தடவையும் கீழ்க்கதவைத் தட்டி, யாரென்று கேட்டுத் திறக்கக் காத்திருந்து ஏற்றிப் பாருங்கள். கதவு பெரிதாக இருந்து என்ன பிரயோசனம்?

இதை ஏன் அங்கே சொல்லவில்லை நான்? என் கணவரை எல்லோர் எதிரிலும் குட்டக் கூடாது என்றா? அவர் என்னைக் குட்டும்போது அவருக்கு அப்படித் தோன்றவில்லையே.

ஜூன் 14, வெள்ளி

பதிவும் நேராகப் பெட்டிக்கே போக வேண்டும் என்பது உத்தரவு. டீச்சர் ஒரே பத்தியை ஐந்து முறை வாசித்தார். ஐந்திலும் நடுவில் டக் என்று ஒரு ஓட்டை. பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "என் வாயிலயா தப்பு?" என்று கேட்டார்.

இல்லை டீச்சர், மிஷின், என்றேன். அந்நேரம் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார், மைக் வயரைத் தொட்டுப் பார்த்தார், வயர் லூஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். வயர் லூஸ் இல்லை.

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு ஆறாம் தடவை வாசித்தார்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு திருட்டு வேலை ஆரம்பித்தேன்.

காலையில் வந்ததும் ஒரு பாடத்தின் முழு ஃபோல்டரையும் பெட்டியிலிருந்து என் கணினிக்கு இழுத்துவிட்டேன். அது வந்து சேர்வதற்குள் தபால்களுக்குப் பதில் எழுதினேன். பிறகு பகல் முழுக்க என் கணினியிலேயே வெட்டினேன். சாயங்காலம் திருப்பி வைத்தேன். இரண்டு பாடம் முடிந்தது. எந்த வாக்கியத்துக்கும் காத்திருக்கவில்லை. டீச்சரின் மூச்சு என் விரலுக்கடியில் வந்து நின்றது. அழுகை வந்துவிட்டது, சத்தியமாக.

எந்த வேலையையும் சொந்தக் கணினியில் நகலெடுத்து வைக்கக் கூடாது என்று ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து.

மறக்காமலிருக்க ஒரு மஞ்சள் தாளில் எழுதி டிராயருக்குள் ஒட்டிவிட்டேன்:

1. ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் எடுக்காதே. ஃபோல்டர் முழுக்க எடு.
2. பெட்டியில் இருக்கும் ஃபோல்டர் பெயரோடு "என்னிடம்" என்று சேர். வேறு யாரும் திறக்க மாட்டார்கள்.
3. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார். எல்லாத் துண்டும் ஒலித்தால்தான் எல்லாம் இங்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.
4. பதிவையும் இங்கேயே செய். பிறகு அனுப்பு.
6. திருப்பி வைக்கும்போது பழையதன் மேல் போடாதே. பக்கத்தில் போடு.
7. பெட்டியில் வைத்ததைத் திறந்து கேட்ட பிறகுதான் உன் நகலை அழி.

வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது, ஐந்து போடாமல் ஆறு போட்டிருக்கிறேன். இருக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூலை 4, வியாழன்

நேற்றோடு எழுபத்தெட்டு. ஆறு மணிக்கு வீட்டிலிருக்கிறேன். மகள் ஆச்சரியமாக, என்னம்மா வேலை போயிடுச்சா என்றாள்.

அறிவியல் பாடங்களைத் தொகுக்கும் என் பக்கத்து மேஜைக்காரியும் தாளைப் பார்த்துவிட்டாள். லிஃப்ட் வருமுன்னே படியிறங்குகிற பெண், டீயை ஆறவிடாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற பெண். எல்லோரும் அவளை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். "அக்கா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ரெண்டு மாசம் நெத்தியில அடிச்சிருக்க மாட்டேனே" என்றாள். அவளும் இப்போது திருடி.

ஜூலை 12, வெள்ளி

மாதாந்திர அறிக்கை வந்தது. கணினிப் பிரிவு என்ற தலைப்பின் கீழ்: "தொகுப்பாளர்களுக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட்டதால் சேமிப்பக வேகம் குறித்த புகார் தீர்ந்தது. உற்பத்தி நான்கு மடங்கானது."

பயிற்சி!

வீட்டில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பாத்தியா, பழகினா எல்லாம் சரியாப் போயிடும்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் குற்றவாளி நான். சொல்லாவிட்டால் முட்டாள் நான். எனக்காக அவர் விட்டுவைத்த நாற்காலி இந்த இரண்டுதான்.

ஜூலை 19, வெள்ளி

பிழை கேட்பவர் பதினான்கு பாடங்களில் தப்புகள் கண்டுபிடித்தார், ஆண்டுகள், ஊர்ப் பெயர்கள். டீச்சர் நாலு நாள் வந்து முந்நூற்று நாற்பது வாக்கியங்களைத் திரும்ப வாசித்தார். கடைசி நாள் தொண்டை கட்டிவிட்டது. எல்லாவற்றையும் என் கணினியிலேயே சேர்த்து முடித்தேன்.

மாலை திருப்பி வைக்கலாமென்றால், பெட்டியில் இடமில்லை. காலையிலேயே என் வீட்டுக்காரரிடமிருந்து உத்தரவு: பெட்டி நிரம்பிவிட்டது, எல்லோரும் தங்கள் பிரிவில் பயன்படாத கோப்புகளைத் திங்களுக்குள் நீக்கவும். பக்கத்தில் போட இடமில்லாததால் பழையதன் மேலேயே போட்டேன். "என்னிடம்" என்று ஃபோல்டர் பெயரோடு சேர்த்திருந்த சொல்லையும் முதலிலேயே எடுத்துவிட்டேன். குரல் துண்டுகள் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ப்ராஜெக்ட் கோப்புகள் கடைசியில் போகும். தொண்ணூற்றேழு சதவீதத்தில் கோடு நின்றது. இருபது நிமிடம் அசையவில்லை. கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 22, திங்கள்

பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவசரம் வேலைக்கு வந்திருக்கிறாள். உத்தரவுப்படி தன் பாடங்களைச் சுத்தம் செய்துவிட்டு, அக்காவுக்கும் ஒத்தாசையாக இருக்கட்டுமென்று என் பதினான்கையும் திறந்திருக்கிறாள். "பயன்படாதவற்றை நீக்கு" என்று ஒரு கட்டளை உண்டு. ப்ராஜெக்ட் கோப்பில் பெயர் இல்லாத துண்டையெல்லாம் அழித்துவிடும். பெட்டியில் இருந்ததோ பழைய ப்ராஜெக்ட் கோப்பு. டீச்சர் புதிதாக வாசித்த முந்நூற்று நாற்பதும் அதற்குத் தெரியாத பெயர்கள். போயிற்று, ஒரே கிளிக்கில்.

அவள் தப்பா? "என்னிடம்" என்று இருந்தால் தொட்டிருக்க மாட்டாள். அதை எடுத்தது நான். கோடு முடியும்வரை நின்றிருக்க வேண்டியதும் நான்.

அந்தப் பதினான்கும் இன்று அனுப்ப வேண்டியவை. மேலாளர் தாழ்வாரத்திலேயே கத்தினார். அவசரம் சுவரோடு சுவராக நின்றாள். என் கணினியில் நகல் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "பேக்கப்ல இருக்கும் சார், எடுத்துத் தரேன்" என்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். ஏதோ சரியில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பேக்கப் இல்லை.

காலையில், மகள் கிளம்பின பிறகு, சமையலறை வாசலில் நின்று சொன்னார். ஒவ்வொரு இரவும் பெட்டியை இன்னொரு பெட்டிக்குப் படியெடுக்க வேண்டும். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதால் விடிந்தும் முடியவில்லையாம். காலையில் எல்லோருக்கும் இன்னும் மெதுவாகிறது என்று ஜூனிலேயே நிறுத்திவிட்டாராம்.

சின்னச் சின்னக் கோப்புகள். அப்படியானால் தெரியும். கூட்டத்தில் அந்தப் படத்தை இழுத்துப் போட்டபோதே தெரியும்.

"உங்கிட்ட ஏதாவது இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எல்லோரும் வருவதற்குமுன் அலுவலகம் போனோம். ஒரு சின்ன டிஸ்கில் பதினான்கையும் எடுத்துக் கொடுத்தேன். டிராயருக்குள் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார். மெதுவாகப் படித்தார். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். கற்றுக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். இனி ஒருநாள் எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவார் என்றுகூட.

ஜூலை 25, வியாழன்

கணினிப் பிரிவின் அறிக்கை: "பேக்கப்பிலிருந்து வெற்றிகரமாக மீட்கப்பட்டது. இழப்புக்குக் காரணம் தொகுப்புப் பிரிவின் கவனக்குறைவு."

எனக்கும் அவசரத்துக்கும் ஆளுக்கொரு மெமோ. அழித்தவள் என்பதால் அவளை ஸ்கேன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து எடுக்கிற வேலை, ஜன்னல் இல்லாத அறை.

வீட்டில் கேட்டேன். நான் கத்தவில்லை. "நகல் வெச்சிருந்தேன்னு வெளிய தெரிஞ்சா உனக்குத்தானே பிரச்சனை? உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். குழம்பு நல்லாருக்கு என்றும் சொன்னார்.

ஜூலை 26, வெள்ளி

என்னைக் காப்பாற்றினாராம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஸ்கேன் அறைக்குப் போனேன். அவசரம் தலை நிமிரவில்லை. காகிதம், வெளிச்சம், காகிதம், வெளிச்சம். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. உன் மேல் தப்பில்லை என்றேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா. அங்க சொன்னீங்களா?"

அடுத்த காகிதத்தைக் கண்ணாடியில் வைத்தாள்.

"உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்கார். எனக்கு மெமோதான் இருக்கு."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நூற்று நாற்பதும் முடிந்தன. பதினொரு நாள் முன்னதாகவே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை ஒரு சுற்றறிக்கை. "ஒலித் தொகுப்புக்கான மேம்படுத்தப்பட்ட நடைமுறை. கணினிப் பிரிவு உருவாக்கியது." ஏப்ரலில் கூடாது என்றது இப்போது நடைமுறை. ஃபோல்டர் முழுக்க எடுக்கவும். பெயரோடு சேர்க்கவும். கேபிளைக் கழற்றிச் சோதிக்கவும். என் "எடு", "பார்" எல்லாம் "எடுக்கவும்", "பார்க்கவும்" ஆகியிருக்கின்றன. அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு.

நாலு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜை காலியாக இருந்ததால் யாரிடமும் காட்டிச் சிரிக்க முடியவில்லை.



ஆகஸ்ட் 21, புதன்

கூட்டம். எல்லாப் பிரிவும். ஸ்கேன் பிரிவிலிருந்து அவசரமும் கடைசி வரிசையில்.

மேலாளர் பேனாவால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறவர். நான்கைத் தொட்டார், ஆறைத் தொட்டார், திரும்ப மேலே போனார்.

"நாலுக்கு அப்புறம் ஆறு இருக்கு. அஞ்சு எங்க?"

டைப் அடிக்கையில் விட்டுப்போயிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி, என்னன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்." பேனா தயாராக நின்றது.

அவரால் சொல்ல முடியவில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாள்கூட ஒரு பாடத்தைத் திறந்து பார்க்காதவருக்கு நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன வரும் என்று எப்படித் தோன்றும்? தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமை. பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ கூட்டங்களில் என்னைப் பார்க்காத கண். எடுத்துக் கொடு என்றது.

எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. நல்லதாக ஒரு ஐந்து அந்த நிமிஷமே என் நாக்கில் இருந்தது.

கடைசி வரிசையில் அவசரம் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுன்னு ஒண்ணு கிடையாது சார்" என்றேன். "ஜூன்ல நான் எழுதினப்ப நம்பர் தாவிப்போச்சு. அது அப்படியே வந்திருக்கு."

"ஜூன்லயா? ஜூன்ல நகல் எடுக்கக் கூடாதுன்னு இருந்ததே."

"இருந்தது சார். நான் எடுத்தேன். அந்தப் பதினாலு பாடமும் அந்த நகல்லேர்ந்துதான் வந்தது. பேக்கப்லேர்ந்து இல்ல. பேக்கப்பே இல்ல. ப்ராஜெக்ட் கோப்பு பழசா இருந்ததுக்கும் நான்தான் காரணம், அந்தப் பொண்ணு இல்ல."

மேலாளர் பேனாவை மூடினார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன், எப்போது உட்கார வேண்டுமென்று தெரியாமல்.

ஆகஸ்ட் 22, வியாழன்

"அப்பாவை எல்லார் முன்னாடியும் மாட்டி விட்டுட்டியாமே" என்றாள் மகள். அவர் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னாரோ.

முழுக்கச் சொல்ல உட்கார்ந்தேன். ஏப்ரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லை, அதற்கும் முன்னாலிருந்து. அவள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிவில், "வீட்டுல சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள்.

ஜூன் 7 அன்று அவள் ஹாலில்தான் இருந்தாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அவசரம் திரும்பி வந்துவிட்டாள். அவள் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். என்னுடையது அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் மாறியிருக்கிறது: விதிமீறல். சரிதான். மீறினேன். அவருக்கும் ஒன்று, பேக்கப்புக்காக.

அவள் என்னோடு பேசுகிறாள். தேவையானதை மட்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

பெட்டியில் என்னதான் பிரச்சனை என்று ஒரு நாள் முழுக்கத் தொகுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலாளர் அவருக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.

பத்து மணிக்கு நோட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூல்தான். நான் நகல் எடுக்காமல் பெட்டியிலிருந்தே ஒரு புதுப் பாடத்தைத் திறந்தேன். திறக்க ஆறு நிமிடம். பிளே அழுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று.

எழுதிக்கொண்டார். மதியம்வரை எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, அலைப்படம் அங்குலம் அங்குலமாகத் திரையில் வந்துகொண்டிருக்கையில், கேட்டார்:

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா."

மூன்று மாதமாக இந்தக் கேள்வியை அவர் கேட்கட்டுமென்று காத்திருந்தேன். கேட்டால் அழுவேன், இல்லை சண்டை போடுவேன் என்று நினைத்திருந்தேன். அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

ஐந்தரைக்கு எழுந்து, கிளம்பலாமா, ஸ்கூட்டர் கீழே இருக்கிறது என்றார். இன்னும் திருப்பி வைக்க வேண்டியது இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

திருப்பி வைக்க ஒன்றுமில்லை. இன்று எதையும் எடுக்கவே இல்லையே. அது அவருக்குத் தெரியாது. நாள் முழுக்கப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டூலை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது.